ரத்தம் குடிக்காத காட்டேரி

பிப்ரவரி 6

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை, எனக்கு என்றைக்கு நலம் குறைந்திருக்கிறது. உன் அம்மாவும் நலம். கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து, சுவரில் உள்ள அழுக்கெல்லாம் தெரிகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை எழுத்தாளர் ஆகிவிட்டதால் காற்றைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா என்று தெரிவிக்கவும்.

பார்சல் கடைக்கு வந்து சேர்ந்தது. ஐந்து பிரதிகள். ‘வாசலில் நிற்பவர்’ என்று தலைப்பு, அதன் கீழே ஒரு வௌவால், பின்னட்டையில் உன் முகம். போட்டோவில் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறாய். மாமன் பல் செட் கட்டுவதில் மந்திரி வரைக்கும் பேர் எடுத்தவன், மருமகள் பல்லைக் காட்டவே யோசிக்கிறாள். போகட்டும்.

பிரிக்கும்போது வழக்கமான மூன்று பேரும் பெஞ்சில் இருந்தார்கள்: மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார், ஜெராக்ஸ் கடை அம்மா. சாயங்காலம் ஆனால் அதுகளுக்கு என் கடையை விட்டால் போக்கிடம் கிடையாது. “என்ன மாஸ்டர், காட்டேரிக் கதையா?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். “பல்லு, நரம்பு, ரத்தம், அத்தனையும் நான் சொல்லிக் குடுத்தது. அவ சும்மா எழுதினா, அவ்வளவுதான்” என்றேன்.

உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். ‘மாமா, முதலில் நீங்கள் மட்டும் தனியாகப் படியுங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை யாருக்கும் தராதீர்கள், முக்கியமாக அம்மாவுக்கு.’ பெற்றவளுக்குக்கூடத் தராமல் மாமனுக்கு முதல் மரியாதை. மனசு குளிர்ந்தது. ஆனால் அதை வாங்கி வைத்துக்கொள்ள நான் அற்பன் இல்லை. அன்று சாயங்காலமே முதல் பிரதியை அக்கா கையில் கொடுத்துவிட்டேன். பெஞ்சு மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. ஐந்தாவது, கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே எல்லாரும் பார்க்கும்படி நிற்கிறது.

சீட்டின் பின்பக்கம் போன் செய்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். செய்யாதே. போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதம்தான் எனக்குச் சரி. என் தொழிலிலும் அப்படித்தான். அளவு எடுக்கிற மாவைக் குழைத்து, ட்ரேயில் அப்பி, ஒருத்தன் வாயில் வைத்துப் பிடித்தால் அது இறுகும் வரைக்கும் அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அப்போதுதான் நான் கதையை ஆரம்பிப்பேன். அதைப் போல ஒழுங்காகக் கேட்கிற காது உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது.

உன் புகழுக்கு அஸ்திவாரம் போட்ட,
மாமா

பிப்ரவரி 17

மாமா,

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வரும் வரை மனதுக்கும் ஒன்றுமில்லாமல் இருந்தது.

அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்களா? சீட்டில் தமிழில்தானே எழுதியிருந்தேன். அம்மா எந்த அத்தியாயத்தில் இருக்கிறாள் என்று உடனே எழுதுங்கள். ஏழாவதற்குப் போவதற்குள் எப்படியாவது வாங்கி வையுங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீங்கள் படித்தீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் புகாரைக் கேட்டுப் பதிவு செய்வதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தால் புத்தகத்தின் மேல் வந்த புகார்கள். ஒருவர் இது முதலாளித்துவத்தைப் பற்றிய உருவகம் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் குழந்தைகளுக்கான பேய்க்கதை என்று பரிந்துரைத்திருக்கிறார். ஒரு வாசகர் வட்டத்தில் ‘காதல் எந்தப் பக்கத்தில் வருகிறது?’ என்று கேட்டார்கள். இவர்களை நம்பி எழுதவில்லை. உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 2

அன்பு வாயாடிக்கு,

நலம்தானே? நாங்கள் எல்லாரும் சௌக்கியம், வாத்தியாருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். அதற்குக் காரணம் நீ.

மூவரும் படித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை என் மேஜையில் போட்டுவிட்டு, “அட்டையில வௌவால் போட்டிருக்கான், உள்ள ஒரு சொட்டு ரத்தம் இல்ல. நாங்க பழைய மருந்தை வித்தா கேஸ் போடறாங்க. இதுக்கு யார் போடறது?” என்றார். தண்ணீரில் சர்க்கரை கரைத்து இருமல் மருந்து என்று விற்கிற ஆள், கலப்படம் பற்றிப் பேசுகிறார்.

வாத்தியார் சிவப்பு மையில் திருத்தி, கடைசிப் பக்கத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று போட்டு, ‘கவனம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். “காட்டேரி நல்லவனா கெட்டவனான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. அப்ப படிக்கிறவன் என்ன நீதியை எடுத்துக்குவான்?” என்று கேட்கிறார். அவர் காலமெல்லாம் நீதி சொல்லிக் கொடுத்த பையன்கள் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு நான்தான் பல் கட்டினேன், அடிதடியில் போன பல்.

ஜெராக்ஸ் அம்மா மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே படித்து அழுதிருக்கிறாள். யாரோ ஒருத்தருடைய சான்றிதழ் எல்லாம் தலைகீழாக வந்துவிட்டது. முதல் நாள் “இந்தக் காட்டேரி எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு மாஸ்டர்” என்றாள். மறுநாள் “இல்ல, எங்க மாமியார்” என்றாள். இப்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறாள். படிப்பறிவு ஏறினால் சிலருக்கு இப்படித்தான் பார்வை நிலைகுத்திப் போகும்.

நான் படித்தேனா என்று கேட்கிறாய். இது என்ன கேள்வி. ஒரே மூச்சில் படித்தேன். மலை உச்சிக் கோட்டையில் நின்று, இடி இடிக்க இடிக்க அந்தக் காட்டேரி சிரிக்கிற கட்டம் இருக்கிறதே, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அப்படி ஒரு கோட்டையில் நான் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

அக்கா மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறாள். விருந்தாளியாக வந்தவன் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காத இடமாம். தனியாகச் சிரிக்கிறாள். “இந்த ஆளை எங்கயோ பாத்திருக்கேன்டா” என்றாள். “எல்லாக் கதையிலும் இப்படி ஒருத்தன் வருவான் அக்கா” என்று நாற்காலியில் சாய்ந்தபடியே விளக்கினேன்.

இலக்கியம் அறிந்த,
மாமா

மார்ச் 13

மாமா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

மலை இல்லை. கோட்டை இல்லை. இடி எங்கேயும் இடிக்கவில்லை. நீங்கள் அட்டையைத் தாண்டவே இல்லை.

நானே சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டேரி. வயதாகிப் பல் கொட்டிவிட்டது, ரத்தம் குடிக்க வழியில்லை. அதனால் அடுத்தவர்களுக்கு நடந்ததைக் குடிக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுகிறது. காட்டேரி வாசலில் வந்து நிற்க, வீட்டுக்காரி ‘உள்ளே வா’ என்கிறாள். ஒரு வாரம் என்று வந்தது மாடி அறையிலேயே தங்கிவிடுகிறது. யார் எதைச் சொன்னாலும் மறுநாள் அதைத் தனக்கே நடந்ததாகத் தெருவுக்குச் சொல்லும். அது சொல்லும் அழகில், முதலில் சொன்னவருக்கே அது தனக்கு நடந்ததுதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

அம்மாவுக்கு நாலாவது அத்தியாயம் பிடிக்கும், ஐந்தும் ஆறும்கூடச் சிரித்துக்கொண்டே படிப்பாள். ஏழாவது அப்பா செத்த நாள்.

அம்மா கையில் இருந்து புத்தகத்தை வாங்குங்கள். பிறகு உங்கள் மாடி அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

மருமகள்

மார்ச் 29

மருமகளுக்கு,

படித்தேன். அக்காவுக்குக் கண் வலிக்கும் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டேன். ஆறு முடித்திருந்தாள். கடையில் வேலை அதிகம்.

மாமா

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. நீங்கள் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. கரண்ட் பில் மாதிரி இருந்தது. அதன் பிறகு அதுவும் இல்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தது நான். நீங்கள் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே போனீர்கள். அம்மா மருந்துச் சீட்டோடு நர்ஸைத் தேடிப் போயிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து, “ஃபேனைக் கொறைம்மா” என்றார். எழுந்து போய்க் குறைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா வந்து, “என்னடி சொன்னார், ஏதாவது சொன்னாரா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் அப்போதுதான் உள்ளே வந்தீர்கள். என்னைத் தாண்டிப் போய் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இருந்தேன் அக்கா. அத்தான் என் கையைப் பிடிச்சு, ‘மச்சான், உங்கக்கா கெடைச்சதே எனக்குப் போதும், அவளைப் பாத்துக்க’ன்னு சொன்னார்” என்றீர்கள். அம்மா உங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அங்கே இருந்ததையே மறந்துவிட்டாள்.

அந்த வாக்கியத்தை அம்மா இன்றைக்கும் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதை எடுத்துக் காட்டுகிறாள். நான் மட்டும் இன்னும் அந்த ரெகுலேட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். அப்பா என்னிடம்தான் கடைசியாகப் பேசினார் மாமா. பேசியது ஃபேனைப் பற்றி. இருந்தாலும் அது எனக்குச் சொன்னது.

இதை நேரில் சொன்னால் அடுத்த நாளே அதையும் உங்களுக்கு நடந்ததாக ஆக்கிவிடுவீர்கள். அந்த ஃபேன் வார்த்தையோடு ஏழாம் அத்தியாயமாக அச்சில் போட்டுவிட்டால் உங்களால் எடுக்க முடியாது என்று நினைத்தேன்.

அம்மாவைக் காயப்படுத்த எழுதவில்லை. வாரப் பத்திரிகை ஜோசியம் தவிர எதையும் படிக்காதவள் இதைப் படிப்பாள் என்று எழுதும்போது யோசிக்கவில்லை. இரண்டாம் பதிப்பு வருகிறது. அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் சொன்னது, வாத்தியார் சொன்னது எதுவும் வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

மருமகள்

ஜூன் 11

அன்பு மருமகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். கடிதம் தாமதமானதற்குக் காரணம், ஊரில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் பல் விழுந்துவிட்டது. நிமிர முடியவில்லை.

முதலில் தெருச் செய்தி. அந்த ஜெராக்ஸ் மகராசி உன் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது என் பேர் மாஸ்டர் இல்லை. “என்ன காட்டேரி, கடை தொறந்தாச்சா?” என்கிறான் பால்காரன். மருந்துக்கடைக்காரர் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்: “மாஸ்டர், நான் குளத்துல விழுந்து பொழைச்சதை நீங்க விழுந்ததா சொன்னீங்களே, அதும் இதுல வருது.” இந்த ஆள் குளத்தில் விழுந்ததை ஒரு வரியில் சொல்வார்: விழுந்தேன், ஏறினேன். நான் அதில் ஒரு சுழலைப் போட்டேன், ஒரு எருமையைப் போட்டேன், ஊரே கேட்டது. திருட்டாம். வெறும் தரையைப் பட்டா போட்டு வைத்துக்கொண்டு அதில் வீடு கட்டினவனைத் திருடன் என்கிறார்கள். வாத்தியாருக்கு மட்டும் இன்னும் யார் அந்தக் காட்டேரி என்று புரியவில்லை. அவர் நீதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இனி உன் புத்தகத்தைப் பற்றி. தொழில்காரனாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பொய்ப்பல் ஏன் பொய்ப்பல் என்று தெரிகிறது? எல்லாம் நேராக இருப்பதால். அதனால்தான் மெழுகில் பல்லைப் பதிக்கும்போது முன்பல் ஒன்றைக் கடுகளவு திருப்பி வைப்பேன். டாக்டர் பார்த்துவிட்டு, “என்ன மாஸ்டர், கோணலா இருக்கே” என்பார். “நீங்க பிடுங்குங்க டாக்டர், வைக்கிறதை நான் பாத்துக்கறேன்” என்பேன். செட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிறவன், தன் பழைய பல்லே திரும்பி வந்துவிட்டது என்று கண் கலங்குவான்.

உன் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு கோணல் பல் கிடையாது. காட்டேரி கெட்டவன், பெண் பாவம், வீட்டுக்காரி ஏமாளி, எல்லாம் வரிசை. டீக்கடை ஆஸ்பத்திரி வாசலில்தானே இருந்தது. ஒரு ஃப்ளாஸ்க் டீ வாங்கப் போனவன் ஏன் அவ்வளவு நேரம் மேலே வரவில்லை என்று ஒரு வரி எழுதினாயா? நாற்பத்தொன்றே அதிகம்.

அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள். அட்டை பிய்ந்து பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றேன். “புதுப் புத்தகம் எப்படிடா பிய்யும்?” என்றாள். நீயே சொல், எல்லாத் துறையிலும் தரம் குறைந்துவிட்டது. அவளுடைய கீழ்ப்பல் செட் லூசாகிவிட்டது. புதிதாக அளவு எடுக்க வேண்டும்.

காட்டேரி என்கிற,
உன் மாமா

ஜூன் 30

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. இங்கே நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மாமா இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாய்வு நாற்காலியில் உட்காராமல் மாடியிலேயே இருக்கிறான். கேட்டால் தொழில் நுணுக்கம் யோசிக்கிறானாம்.

உன் புத்தகம் பைண்டிங்கில் இருக்கிறதாம். ஜெராக்ஸ் கடையில் வேறு வேலையாகப் போனேன், அந்த அம்மா ஏழாவது அத்தியாயத்தைக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கி எடுத்திருந்தாள், என் கண்ணுக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். மற்றதைப் பைண்டிங்கில் இருந்து வந்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

நீ சின்ன வயதில் எல்லாவற்றையும் என்னிடம் வந்து சொல்வாய். எப்போது நிறுத்தினாய் என்று நான் கவனிக்கவில்லை.

கீழ் செட் லூசு, மென்று சாப்பிட முடியவில்லை. கஞ்சிதான். ஞாயிற்றுக்கிழமை மாமா கடைக்குப் போய் அளவு கொடுக்க வேண்டும்.

அம்மா

ஜூலை 8

மாமா,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள்.

அம்மா படித்துவிட்டாள். ஜெராக்ஸ் பிரதி, பெரிய எழுத்தில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. தலையைத் துவட்டு என்று எழுதியிருக்கிறாள். உங்களிடம் ஏதாவது சொன்னாளா?

நீங்கள் போட்ட மார்க்கைப் பார்த்தேன். கோணல் பல் விஷயத்தைப் பல தடவை படித்தேன். நீங்கள் ஏன் மேலே வரவில்லை என்று எனக்குத் தெரியாது மாமா. தெரிந்தால்தானே எழுத முடியும். நீங்கள் சொன்னதே இல்லை. மற்றவர்களுக்கு நடந்ததைத்தானே சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. கடிதம் வராவிட்டால் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடுவேன்.

மருமகள்

ஜூலை 19

அன்பு மருமகளுக்கு,

நலம், நலம், எல்லாரும் நலம். நேற்று இரண்டு வேளை சாப்பிட்டேன், உன் அம்மா சாட்சி.

ஏழாம் அத்தியாயத்தை எடுக்காதே. எடுத்தால் அந்த ஜெராக்ஸ்காரி பிழைப்பு என்ன ஆவது. ஆனால் கீழே நான் சொல்லப்போகிற கதையில் இருந்து ஒரு துண்டை அதில் வைத்துக்கொள். என்னைக் கேட்க வேண்டாம். கேட்காமல் எடுத்துக்கொள்கிற பழக்கம் உனக்கும் இருக்கிறது, தாய்மாமன் ரத்தம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அளவு கொடுக்க வந்தாள். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பெஞ்சில் யாரும் இல்லை. வெளிச்சத்துக்காக நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வழி நெடுக வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மாவைக் குழைத்தேன், ட்ரேயை வாயில் வைத்துப் பிடித்தேன். கண் இரண்டும் என் முகத்துக்கு நேரே. புதுக் கண்ணாடி வேறு.

உன் நாவலை விட நல்லதாக ஒரு கதை கட்டிக் காட்டுவோம் என்று எனக்கு ஒரு வீம்பு. சொன்னேன்.

“பேசாத அக்கா, மாவு இறுகணும். ஒரு கதை சொல்றேன், கேளு. ஒருத்தன் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிட்டு டீ வாங்கப் போனான். வாங்கிட்டான். லிஃப்ட் வாசல்ல வந்து நின்னான். கதவு தெறந்துச்சு. ஏறல. மூடிக்கிச்சு. மறுபடி தெறந்துச்சு. ஏறல. உள்ள இருந்தவன் ‘வர்றீங்களா?’ன்னு கேட்டான். ‘டீ சூடா இருக்கு’ன்னு இவன் சொன்னான். ஏன் சொன்னான்னு அவனுக்கே தெரியல. ஊர்ல இருக்கிற வாயெல்லாம் தெறந்து பாத்தவனுக்கு, அந்த ஒரு வாயைப் பாக்கத் தைரியம் வரல. கடைசியில படியேறிப் போனான். போறப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. சின்னப் பொண்ணு பேச்சு வராம நிக்குது. அக்கா என்ன சொன்னார் என்ன சொன்னார்னு கேட்டு அதை உலுக்கறா. அந்த எடத்துல யாராவது ஏதாவது சொல்லணுமில்ல அக்கா. இவன்கிட்ட ஒண்ணும் இல்ல, கையில டீதான் இருந்துச்சு. அதான் சொன்னான். அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ இருந்துச்சுன்னு இவனுக்கு அப்ப தெரியாது.”

கவனித்தாயா, யார் பேரையும் சொல்லவில்லை, ‘ஒருத்தன்’ என்றுதான் சொன்னேன். முழுக்க என் கற்பனை. லிஃப்டும் கற்பனை, அந்தக் கோணலும் நான் வைத்தது. நீ நம்பிவிடாதே.

அளவு கெட்டுவிட்டது. மாவு இறுகுவதற்குள் ட்ரே ஆடிவிட்டது. என் கை ஆடாது, அது நாடறிந்த விஷயம். அக்காதான் தாடையை அசைத்திருக்க வேண்டும். என் தொழிலில் கெட்டுப்போன முதல் அளவு இதுதான் என்று யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள். வெளியே எடுத்துப் பார்த்தால் பல் இருந்த மேடே தெரியவில்லை, எல்லாம் அலை அலையாக இருந்தது. மறுபடி எடுக்க வேண்டும்.

அக்கா வாயைக் கொப்பளித்தாள். முந்தானையால் துடைத்தாள். அவள் என்ன சொல்வாள் என்று நிற்கிறேன். என் கடையில் நான் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

“அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைடா” என்றாள்.

கரண்ட் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஃபேன் ஓடவே இல்லை.

எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருப்பிக் குறைத்துவிட்டு வந்தேன்.

உன் மாமா